வாங்கிய நூலா, வாடகை ஏடா?

தமிழாசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெறும்போது அவர் வீட்டில் எஞ்சி நிற்கும் செல்வம் பெரும்பாலும் ஒரு நூலலமாரிதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை சில. தமிழகம் சென்று திரும்பிய உறவினர் பெட்டியில் வந்தவை சில. உள்ளூர் எழுத்தாளர் கையொப்பமிட்டுத் தந்தவை சில. அவற்றை அவர் மாணவனுக்குக் கொடுக்கலாம்; பள்ளி நூல்நிலையத்துக்கு வழங்கலாம்; மகளுக்கு விட்டுச் செல்லலாம்; வேண்டாமெனில் பழைய புத்தகக் கடையில் விற்றும் விடலாம். அதைத் தடுக்கும் அதிகாரம் விற்ற கடைக்காரருக்கு இல்லை. அச்சிட்ட பதிப்பாளருக்கு இல்லை. எழுதிய ஆசிரியருக்குமே இல்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்னும் எளிய நீதி நூலுக்கும் பொருந்தி வந்தது.

அந்த நீதி மின்னூல் வாணிகத்தில் ஓசையின்றி மறைந்து வருகிறது. அதைக் கண்டு கேள்வி எழுப்ப வேண்டிய தமிழாசிரியர்களும் எழுத்தாளர்களும், புதுமை என்று வியந்தோ, நமக்கென்ன என்று ஒதுங்கியோ நிற்கின்றனர். இரண்டுமே தவறு.

மின்னூல் பகையன்று

மின்னூலைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓலையிலிருந்து தாளுக்கு மாறியதால் தமிழ் அழியவில்லை, பிழைத்தது. 1887ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அதே ஆண்டில் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார இதழ் தோன்றியது. அச்சு என்னும் புதுக் கருவியை அக்காலத் தமிழர் அஞ்சி ஒதுக்கியிருந்தால், இன்று பாடம் நடத்தச் சங்க இலக்கியமும் இருந்திராது. இவ்வட்டாரத் தமிழர் வரலாற்றை எழுதச் சான்றும் இருந்திராது. தாளிலிருந்து திரைக்கு வருவதும் அத்தகையதொரு நகர்வே.

அந்த நகர்வில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குத் தனிப் பெருமையும் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளராகவும், ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளராகவும் விளங்கியவர் நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய இணையத்தளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, அதில் தமிழ் எழுத்துகள் திரையில் தோன்றக் காரணமாய் இருந்தவர் அவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, தன்னார்வலர்களின் உழைப்பில் மதுரைத் திட்டம் தொடங்கியது. 2015இல், சிங்கப்பூர் விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டில், ஐம்பது ஆண்டுக் காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலகத்தில் சேர்ந்தன.

இம்முயற்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. தமிழ் எழுத்தை எவரும் படிக்கும்படி திறந்து வைப்பதே அவற்றின் குறிக்கோள். மின்வடிவம் வேறு, மின்வடிவத்தைப் பூட்டி வைத்து நடத்தும் வாணிகம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே இன்றைய குழப்பத்துக்கெல்லாம் வேர்.

விற்பனை என்னும் பெயரில் வாடகை

2007 நவம்பரில் அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் ‘கிண்டில்’ என்னும் மின்னூல் படிப்பானை 399 டாலர் விலையில் சந்தைக்குக் கொண்டு வந்தது. கையடக்கமான கருவி, அதற்குள் ஒரு நூலகமே அடங்கும், கடைக்குப் போகாமலே நூல் வந்து சேரும். 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களுக்கும் அக்கடை இடம் தந்தது. தமிழ் எழுத்தாளர்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் பொய்யில்லை. ஆயினும் அக்கடையில் ‘வாங்கு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டவர் சிலரே.

2009 ஜூலையில் அதற்கு விடை கிடைத்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய இரு நூல்களின் ஒரு பதிப்பை, உரிமை பெறாத ஒருவர் அக்கடையில் ஏற்றி விற்றுவிட்டார். தவறு தெரிந்ததும் அமேசான் என்ன செய்தது? மேற்கொண்டு விற்பதை நிறுத்தியதோடு அமையாமல், முன்பே விலை கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் அந்நூல்களை அழித்தது. பணம் திரும்பி வந்தது, நூல் போயிற்று. பழைய ஏடுகளை ஆட்சியாளர் அழித்தும் திருத்தியும் வரலாற்றை மாற்றுவதைச் சொல்லும் புதினத்துக்கே இக்கதி நேர்ந்தது. மிச்சிகன் மாநிலத்து உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்காக அந்நூலைப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பெழுதி வைத்திருந்தார். நூல் மறைந்ததால் அக்குறிப்புகள் எதைச் சுட்டின என்பதே தெரியாமற் போயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அது பழங்கதை என்பார் உளர். பத்தாண்டு கழித்து, 2019 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியது. அவ்வாண்டு ஜூலையில், அங்கு வாங்கிய நூல்கள் எவருக்கும் திறவாமற் போயின. நூலின் விலை திருப்பித் தரப்பட்டது. ஓரங்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கிடைத்தது. ஒரு மாணவரின் சிந்தனைக்கு, ஓர் ஆசிரியரின் பல்லாண்டுப் பாடக் குறிப்புக்கு அந்நிறுவனம் கட்டிய விலை 25 டாலர்!

2025 பிப்ரவரி 26ஆம் நாள் அமேசான் மற்றொரு கதவை அடைத்தது. வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கிப் பின் கம்பி வழியே கருவிக்கு மாற்றிக்கொள்ள அதுவரை இருந்த வசதி அன்றோடு நீக்கப்பட்டது. கணினியில் ஒரு படி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தவர்க்கு அவ்வழியும் இல்லாமற் போயிற்று.

இதிலுள்ள சொல் மயக்கத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டமொன்று, மின்வடிவப் பொருளைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் தருகிற கடை, அதனைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்ற சொல்லை ஆளக்கூடாது என்கிறது. கொடுப்பது வாடகை, கூறுவது விற்பனை என்றால் தமிழில் அதற்குப் பெயர் வேறு. சொல்லுக்குப் பொருள் கற்பிக்கும் தமிழாசிரியரைவிட இந்த வேறுபாட்டை நன்கு உணரக் கூடியவர் யார்?

பணந்தான் திரும்பி வந்ததே, இழப்பு என்ன என்று வாதிடுவோரும் உண்டு. நூலின் பயன் அதன் விலையில் அடங்கிவிடுமானால் அவ்வாதம் நிற்கும். இரவில் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, அலமாரியிலுள்ள நூலை எடுத்துக்கொண்டு, அதன் விலையை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றால் அதை எவரும் வாணிகம் என்று சொல்லமாட்டார்.

கடை ஒன்றே ஆனால்

அமேசான் 1995 ஜூலையில் இணையத்தில் நூல் விற்கத் தொடங்கியது. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் அதன் விளைவைத் தங்கள் கண்முன்னரே கண்டனர். சிங்கப்பூர் வீலாக் பிளேசில் 1997இல் திறக்கப்பட்ட பார்டர்ஸ் நூற்கடை 2011 ஆகஸ்டில் மூடப்பட்டது. அப்பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனமும் அவ்வாண்டே வீழ்ந்தது. கடை போனால் என்ன, அஞ்சல் கட்டணமின்றி நூல் அனுப்பும் புக் டெபாசிட்டரி இருக்கிறதே என்று வாசகர் ஆறுதலடைந்தனர். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்நிறுவனத்தை 2011இல் அமேசான் வாங்கியது. 2023 ஏப்ரல் 26ஆம் நாள் அதனை மூடிவிட்டது. ஆங்கில நூல்களை அதன்வழி வரவழைத்த இவ்வட்டாரத்து ஆசிரியர் எத்தனையோ பேர். அவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அக்கடைக்கு இல்லை.

ஒரே வாசல் வழியே உலகம் நூல் வாங்கத் தொடங்கினால், வாசற்காவலன் வைத்ததே சட்டமாகும். 2010 ஜனவரியில் மின்னூல் விலை பற்றி மாக்மில்லன் பதிப்பகத்தோடு பிணக்கு ஏற்பட்டபோது, அப்பதிப்பகத்தின் நூல்களை வாங்கும் பொத்தானையே அமேசான் சில நாள் நீக்கிவிட்டது. 2014இல் அஷெட் பதிப்பகத்தோடு மூண்ட பூசலில் நூல்கள் வாசகரைச் சேரக் காலந்தாழ்த்தியது. எதிர்த்தரப்பும் தூயதன்று. ஆப்பிள் நிறுவனமும் ஐந்து பெரும் பதிப்பகங்களும் கூடி மின்னூல் விலையை உயர்த்தின என்று அமெரிக்க அரசு 2012இல் வழக்கிட்டது; ஆப்பிள் குற்றம் புரிந்ததென 2013இல் தீர்ப்பாயிற்று. யானைகள் மோதும் இடத்தில் மிதிபடுவது புல். மாக்மில்லனும் அஷெட்டுமே போராட வேண்டியிருந்த களத்தில், ஐந்நூறு படி அச்சிடும் தமிழ் எழுத்தாளரின் குரல் எவர் செவியில் ஏறும்?

தமிழ்ச் சந்தை சிறிது, அதனால் ஆபத்தும் சிறிது என்பது மற்றொரு வாதம். உண்மை அதற்கு நேர்மாறானது. சீனாவில் கோடிக்கணக்கான வாசகர் உண்டு. அங்கேயே தன் கிண்டில் நூற்கடையை அமேசான் 2023 ஜூன் 30ஆம் நாள் மூடியது. வாங்கிய நூல்களை இறக்கிக்கொள்ள மேலும் ஓராண்டு மட்டும் தவணை தந்தது. பெருஞ்சந்தையை மூடவே ஒரு நிறுவனத்தின் முடிவு போதுமென்றால், சிறுசந்தையை மூட அதற்கு முடிவுகூட வேண்டா, மறதி போதும்.

எழுத்தாளர் கணக்கு

எழுத்தாளருக்கு ஆதாயம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, மறுப்பதற்கில்லை. அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தேட வேண்டியதில்லை. விற்காத படிகள் கட்டிலுக்கடியில் கிடந்து கறையான் தின்பதில்லை. கோலகங்சாரிலிருந்து ஒருவர் எழுதியதைக் கனடாவிலுள்ள தமிழர் அன்றே படிக்கலாம். இந்நன்மைகளை இகழ்பவர் எழுத்தாளரின் துன்பம் அறியாதவர்.

ஆனால் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். கிண்டில் நேரடிப் பதிப்பு முறையில் 70 விழுக்காட்டு உரிமைத்தொகை எல்லா நூலுக்கும் கிடைப்பதன்று. அமெரிக்கக் கடையில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலையுள்ள நூல்களுக்கே அது பொருந்தும். அவ்வரம்புக்கு வெளியே 35 விழுக்காடுதான். எளியவர்க்கு எட்டும் குறைந்த விலை வைக்கும் எழுத்தாளர்க்கே குறைந்த பங்கு. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் முறையில் 2015 ஜூலை முதல் படித்த பக்கங்களை எண்ணிப் பணம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அப்பணத்தின் மொத்த அளவை மாதந்தோறும் முடிவு செய்வது நிறுவனமே. அதில் சேர்ந்த மின்னூலை அக்காலத்தில் வேறெங்கும் மின்வடிவில் விற்கவும் கூடாது. பக்கம் எண்ணிக் கூலி கொடுத்தால் கவிதை எழுதுபவர் பட்டினி கிடப்பார். நாலு பக்கக் கருத்தை நாற்பது பக்கமாக நீட்டுபவர் பிழைப்பார். இலக்கியத்துக்கு இஃது உகந்த அளவுகோலா?

போதாக்குறைக்கு, எந்திரமே எழுதித் தள்ளும் நூல்கள் வேறு வந்து குவிகின்றன. 2023 செப்டம்பரில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நூல்களுக்கு மேல் புதிதாக ஏற்றக்கூடாது என்று அமேசான் வரம்பு கட்ட நேர்ந்தது. நாளுக்கு மூன்று நூல் என்பதே கட்டுப்பாடாகக் கருதப்படும் கடையில், மூன்றாண்டு உழைத்து ஒரு நூல் எழுதியவர் எந்த மூலையில் நிற்பார்?

நூலகத்துக்கும் பூட்டு

தனி மனிதர் வாங்காவிட்டாலும் நூலகம் வாங்கும். அங்கே நூல் நிலைக்கும் என்பது பழைய நம்பிக்கை. மின்னூல் உலகில் அதுவும் ஆட்டங்கண்டுவிட்டது. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகம் பெறும் ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் மீண்டும் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. தாளில் அச்சான நூல் கிழியலாம், ஒட்டிப் படிக்கலாம். கிழியாத மின்னூலுக்குச் சட்டத்தால் கிழிசல் உண்டாக்கியது வாணிகத்தின் திறமை. 2019 நவம்பரில் மாக்மில்லன், புதிய மின்னூல் ஒவ்வொன்றிலும் நூலகம் முதல் எட்டு வாரம் ஒரு படி மட்டுமே வாங்கலாம் என்றது. ஊர் எவ்வளவு பெரிதாயினும் ஒரே படி! நூலகர்கள் கொதித்தெழுந்தனர், 2020 மார்ச்சில் அவ்விதி கைவிடப்பட்டது. எதிர்ப்புக்குப் பயன் உண்டு என்பதற்கு அதுவே சான்று. எதிர்க்க முன்வந்தவர்கள் நூலகர்கள் என்பதும் கருதத்தக்கது.

உள்வீட்டுக் குற்றம்

அயல் நிறுவனங்களைச் சாடுவது எளிது. தமிழாசிரியர் உலகம் தன் முற்றத்தையும் ஒருமுறை நோக்க வேண்டும். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதி வெளிவருகிறது. ஆசிரியர் ஒருவர் ஒரு படி வாங்குகிறார். பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கோப்பாக்குகிறார். ‘மாணவர் நலன் கருதி’ என்ற முன்னுரையோடு வாட்ஸ்அப் குழுவில் இடுகிறார். மாலைக்குள் அது பல பள்ளிகளைச் சுற்றி வருகிறது. எழுத்தாளர் விற்றது ஒரு படி. படித்தவர் நூறு பேர். நன்றி கூறிய விரல் அடையாளங்கள் மட்டும் குழுவில் வரிசையாக நிற்கின்றன.

தமிழ் வளர்ச்சிக்காகவே செய்கிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். நெல்லைத் திருடிப் பந்தி வைப்பவரும் அன்னதானம் என்றுதான் சொல்வார். பன்னாட்டு நிறுவனம் வாசகரின் உரிமையைப் பறிக்கிறதென்றால், இப்பழக்கம் எழுத்தாளரின் உரிமையைப் பறிக்கிறது. முன்னதைக் கண்டிக்கும் தகுதி பின்னதை நிறுத்தியவர்க்கே உண்டு. இப்பழக்கத்துக்கு அஞ்சியே சில எழுத்தாளர்கள் தங்கள் நூலைப் பூட்டிய கடைக்குள் கொண்டு வைக்கின்றனர் என்பதையும் மறக்கலாகாது. திருட்டு பூட்டை வளர்க்கிறது. பூட்டு திருட்டுக்குச் சாக்காகிறது. இடையில் மாணவன் நூலின்றி நிற்கிறான்.

சட்டத்துக்கு உட்பட்டே திறந்து கிடக்கும் செல்வம் குறைவன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாநில அரசு 1949இல் பெற்றுப் பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கியது. அதன்பின் எத்தனையோ தமிழறிஞர்களின் நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாயின. மதுரைத் திட்டத்திலும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் அவை விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் பயன்படுத்தும் பயிற்சியை மாணவர்க்குத் தராமல், உயிரோடிருக்கும் எழுத்தாளரின் சோற்றில் கை வைப்பது ஆசிரியப் பணிக்கு அழகன்று.

செய்ய வேண்டுவன

எழுத்தாளர் கடமை முதலாவது. நூலின் இறுதிக் கோப்பை அச்சகத்தாரிடமே விட்டுவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். 1990களில் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பல இன்று திறந்தாலும் படிக்க முடியாத கோலங்களாகக் காட்சியளிக்கின்றன. எந்நூலையும் ஒருங்குறியில் அமைத்து, அக்கோப்பை எழுத்தாளர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையக் கடையில் விற்பது பிழையன்று. அங்கே மட்டும் விற்பதே பிழை. பூட்டுப் போடலாமா என்று கடை கேட்கும்போது வேண்டா என்று குறிக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்த வேண்டும்.

சங்கங்களின் கடமை இரண்டாவது. மலேசியாவில் நூல்களைத் தேசிய நூலகத்தில் சேர்ப்பிக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2019 முதல் மின்வடிவ வெளியீடுகளும் சட்டப்படித் தேசிய நூலகத்தின் சேர்ப்புக்குள் வந்துவிட்டன. சட்டம் இருந்தும் நூல் போய்ச் சேராவிட்டால் குற்றம் சட்டத்தினுடையதன்று. வெளியீட்டு விழாவில் முதல் படியை வாங்கப் பிரமுகரைத் தேடும் ஊக்கத்தில் பாதியைத் தேசிய நூலகத்துக்குப் படி அனுப்புவதில் காட்டினாலே போதும்.

மூன்றாவது, பள்ளிகளின் கடமை. மாணவர்க்கு மின்னூல் வாங்கித் தரும்முன் தலைமையாசிரியர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்நூலின் படியைப் பள்ளி தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா? கடை மூடினாலும் இது திறக்குமா? ஒரு மாணவன் படித்து முடித்தபின் அடுத்தவனுக்குக் கொடுக்கலாமா? மூன்றுக்கும் இல்லை என்ற விடை வந்தால், அது நூல் வாங்கிய செலவாகாது, வாடகைச் செலவு. வாடகை தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் அதை நூலக வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதிப் பெருமை கொள்ளலாகாது. அதே பணத்தில் உள்ளூர் எழுத்தாளரின் அச்சு நூல்கள் பத்தை வாங்கி அடுக்கினால், அடுத்து வரும் பத்து வகுப்புகள் அவற்றைப் படிக்கும்.

தமிழ் ஏடுகள் அழிந்த வரலாறு தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. கறையானும் நெருப்பும் தின்றவை ஒருபால். வைத்திருந்தவரே பயன் தெரியாமல் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவை மற்றொருபால். அழியாமல் எஞ்சியவை எவை? ஒரே மாளிகையில் பூட்டி வைத்தவையல்ல. மடங்களிலும் புலவர் வீடுகளிலும் சிற்றூர்களிலும் படியெடுத்துப் பல கைகளில் பரவி இருந்தவையே. ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் கிடைத்தது. ஒரு சுவடியில் சிதைந்த அடி மற்றொரு சுவடியில் முழுமையாக நின்றது. பல கைகளில் பரவிய படிகளே தமிழைக் காத்தன.

இன்றைய மின்னூலுக்கும் அந்நெறியே காப்பு. கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருக்கும் தமிழ் நூல், ஒரே ஓலையில் எழுதிய நூலுக்கு ஒப்பானது. அந்நிறுவனம் நல்லதாகவே இருக்கலாம். நாளைய தலைவர்கள் எத்தகையவர் என்று யார் சொல்ல முடியும்? எழுதுபவர் கோப்பைக் காக்கட்டும். சங்கங்கள் நூலகங்களில் சேர்க்கட்டும். ஆசிரியர்கள் விலை கொடுத்து வாங்கட்டும். மாணவர்கள் தாளிலும் திரையிலும் படிக்கட்டும். தமிழ் நூலின் சாவி தமிழ் படிப்போர் கையில் இருக்க வேண்டும். அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கதவு திறக்கவில்லையே என்று பின்னர் வருந்துவதால் பயனில்லை.